ஃபிக்ஸ்சரைத் திருத்திய கைக்கு டிசைன் வருமா?

வந்த கடிதம்

கோவை கணபதிப் பக்கத்திலிருந்து ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் கம்பெனியையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

வயது 33. ஐடிஐ-யில் டர்னர் படித்தவர். 12 வருடமாக மெஷின் ஷாப் வேலை, அதில் கடைசி எட்டு வருடம் விஎம்சி மெஷினில் (புரோகிராம்படி உலோகத்தை வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின்). பம்ப், வால்வு பாகங்கள் ஓட்டுகிறார். ஓவர்டைம் சேர்த்து மாதம் 26,000 வருகிறது. மனைவி வீட்டிலேயே தைக்கிறார், மகள் இரண்டாம் வகுப்பு.

சில மாதங்களுக்கு முன் ஒரு காஸ்டிங் (வார்ப்பு) மூடி ஆர்டரில் பிரச்சினை வந்திருக்கிறது. ஏற்கெனவே போட்ட இரண்டு துளைகளில் இரண்டு பின்களைச் சொருகி ஜாப்பை, அதாவது வேலை செய்யும் பாகத்தை, உட்கார வைக்க வேண்டிய ஃபிக்ஸ்சர் (மெஷினில் ஜாப்பை நகராமல் பிடிக்கும் சாதனம்) அது. சில ஜாப் தானாக இறங்கும், சிலவற்றை மர மேலட்டால் தட்டி இறக்க வேண்டும். தட்டி இறக்கிய ஜாப்பெல்லாம் இன்ஸ்பெக்ஷனில் அடி வாங்கியது. இவர் ஒரு பின்னைக் கழற்றி, இரண்டு பக்கமும் கிரைண்டரில் தேய்த்து, திரும்ப மாட்டினார். அதோடு தட்டுவது நின்றது, ரிஜெக்ஷனும் நின்றது. அதைப் பார்த்த முதலாளி, "நீ டிசைன் படிச்சா நம்ம ஃபிக்ஸ்சர் எல்லாம் நீயே பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று மாத வாரக்கடைசி வகுப்புக்கு முதலாளியே பணம் கட்டுவாராம். பதிலுக்கு மூன்று வருட பாண்டு. நடுவில் விலகினால் இரண்டு லட்சம். அசல் ஐடிஐ சான்றிதழைக் கொடுத்துவைக்க வேண்டும், தொகை எழுதாத ஒரு காசோலையிலும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்னொரு பக்கம், நகரத்தில் ஒரு பயிற்சி நிலையம் ஐந்து சாஃப்ட்வேர் சேர்ந்த 'மாஸ்டர் டிப்ளமோ'வுக்கு 85,000 கேட்கிறது. தவணையில் கட்டலாம், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்கிறது. இதற்கிடையில் ஒரு நண்பர் பென்டிரைவில் கிராக் செய்த சாஃப்ட்வேர் கொடுக்க, அதில் கம்பெனி டிராயிங்கை வைத்தே இரவில் வரைந்து பழகிக்கொண்டிருக்கிறார்.

"பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது, கையெழுத்துப் போடு என்கிறான் கூட வேலை செய்பவன். ஓடிப்போனால் ஜெயில் என்கிறார் மேனேஜர். எனக்கு இங்கிலீஷ் வராது, கணக்கும் வராது. மெஷின் முன்னால் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டது. டிசைனுக்குப் போய்விட்டால் ஏசி ரூமில் உட்கார்ந்த வேலை, சம்பளமும் இரட்டிப்பாகும் என்கிறார்கள். என்ன செய்யட்டும் சார்?"

இதுதான் கடிதம். இனி அவரிடமே பேசுகிறேன்.

அந்தப் பின்னைத் தேய்த்தபோது நீங்கள் செய்தது

தம்பி, எந்த இரண்டு பக்கத்தைத் தேய்த்தீர்கள் என்று கடிதத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறீர்கள். இரண்டு துளைகளையும் இணைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டின் மேல் வரும் பக்கங்களைத் தேய்த்திருக்கிறீர்கள். கோட்டுக்குக் குறுக்கே இருக்கும் பக்கங்களைத் தொடவில்லை. மாற்றித் தேய்த்திருந்தால் ஜாப் சுழன்று ஆட ஆரம்பித்திருக்கும்.

நீங்கள் செய்ததற்குப் பெயர் டைமண்ட் பின். இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் ஜாப்புக்கு ஜாப் கொஞ்சம் கூடும், குறையும். இரண்டு பின்னும் முழு வட்டமாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. ஒரு முழுப் பின் ஜாப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, பக்கம் தேய்த்த இன்னொரு பின், ஜாப் சுழலாமல் மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஜிக் (டூலுக்கு வழிகாட்டும் சாதனம்), ஃபிக்ஸ்சர் டிசைன் பாடத்தில் ஆரம்ப வாரங்களிலேயே வரும் விஷயம் இது. யாரும் சொல்லித்தராமல் மெஷின் பக்கத்தில் நின்றே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். இதற்காக உங்களைத் தலையில் தூக்கி வைக்கப் போவதில்லை. ஆனால் "நான் டிசைனுக்குச் சரிப்பட்டு வருவேனா" என்ற கேள்வியை இனிக் கேட்காதீர்கள்.

உங்களிடம் இல்லாதது வேறு. அந்தப் பின்னை எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று உங்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. தேய்த்து, மாட்டி, மறுபடி தேய்த்து, மூன்றாவது தடவைதான் சரியானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் லீவில் இருக்கும்போது அந்தப் பின் உடைந்தால், அடுத்தவர் புதிதாகச் செய்து மாட்ட ஒரு டிராயிங்கும் இல்லை. முன்கூட்டிக் கணக்குப் போடுவது, அதை இன்னொருவர் செய்யும்படி தாளில் சொல்வது: அடிப்படை டிசைன் பயிற்சி என்று நீங்கள் தேட வேண்டியது இந்த இரண்டையும்தான். பயிற்சி நிலையத்தின் நோட்டீஸை நீங்கள் அனுப்பிய போட்டோவில் முழுக்கப் படித்தேன். ஐந்து சாஃப்ட்வேர் பெயர் இருக்கிறது. டாலரன்ஸ் (ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு அது இல்லாமல் எந்த டிசைன் ஆபீஸிலும் கால் வைக்க முடியாது. ஆனால் 25 மில்லி என்று அளவு போட்டால் கம்ப்யூட்டர் 25 என்றே வரையும். அந்தத் துளையில் புஷ் இறுகி உட்கார வேண்டுமா, ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று அதுவாகத் தீர்மானிக்காது. 25 எச்7 (எழுத்தும் எண்ணும் சேர்ந்து டாலரன்ஸைச் சொல்லும் குறியீடு) என்றால் துளை 25.000-இலிருந்து 25.021 வரை இருக்கலாம் என்பது துளை அளவைச் சோதிக்கும் பிளக் கேஜ் பிடித்த உங்களுக்குத் தெரியும். அதில் ஜி6 ஷாஃப்ட் போட்டால் அது 24.980-க்கும் 24.993-க்கும் நடுவில் வரும். ஆக, இடைவெளி 7 மைக்ரானுக்குக் குறையாது, 41 மைக்ரானைத் தாண்டாது, வழுக்கி ஓடும். அதே துளைக்கு பி6 போட்டால் ஷாஃப்ட் 25.022-இல் ஆரம்பிக்கிறது. கையால் இறங்காது, பிரஸ்ஸில்தான் இறக்க வேண்டும். எதைப் போடுவது என்று முடிவெடுப்பவர்தான் டிசைனர். எழுத்தை மட்டும் டைப் அடிக்க ஆட்கள் நிறையக் கிடைக்கிறார்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். டிப்ளமோ முடித்த சூட்டில் டிராயிங் ஆபீஸில் உட்கார்ந்த புதிது. ஒரு பிளேட்டில் பாக்கெட் (குடைந்தெடுக்கும் பள்ளம்) வரைந்து, உள் மூலை நான்கையும் கச்சிதமாகச் சதுரமாக விட்டிருந்தேன். மில்லிங் மெஷினில் இருந்த பெரியவர் டிராயிங்கைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "ஏனுங் தம்பி, சுத்தும்போதும் சதுரமாவே இருக்கற கட்டர் எந்தக் கடையில விக்குதுங்?" ஆபீஸே சிரித்தது. அன்று மதியம் சாப்பிடாமல் கீழே போய் அவர் மெஷின் பக்கத்தில் நின்றேன். அந்த அவமானம் உங்களுக்கு வராது. மூலையில் ரேடியஸ் ஏன் வேண்டும், காஸ்டிங்கில் சரிவு இல்லாவிட்டால் பாட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) ஏன் மணலைப் பிய்த்துக்கொண்டு வரும், கட்டரின் தலை எட்டாத இடத்தில் துளை வைத்தால் என்ன ஆகும், இதையெல்லாம் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டு மூன்று வருடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்கிறார்கள்.

கணக்கும் இங்கிலீஷும்

கணக்கு வராது என்று எழுதிய அதே கடிதத்தில், 120 பிசிடி-யில், அதாவது 120 மில்லி விட்டமுள்ள வட்டத்தின் மேல், ஆறு துளைக்குப் புரோகிராம் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் துளை எக்ஸ் 60, ஒய் 0. இரண்டாவது எக்ஸ் 30, ஒய் 51.962. அந்த 51.962 எங்கிருந்து வந்தது? 60-ஐ சைன் 60 டிகிரியால் பெருக்கினால் வருவதுதான். கால்குலேட்டரில் நீங்களே தட்டியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பில் பயந்த பாடத்தைத் தினமும் ஷிஃப்டில் செய்துகொண்டு, வராது என்கிறீர்கள். ஆரம்ப நிலைக்கு இந்த முக்கோணக் கணக்கும் கூட்டல் கழித்தலும் போதும். பலம், விசை, பீம் வளைவு பற்றிய கணக்குகள் பிறகு வரும். அவற்றுக்கு ஆசிரியர் வேண்டும், அதை மறைக்க விரும்பவில்லை.

இங்கிலீஷும் அப்படித்தான். டிராயிங்கில் வரும் சொற்கள் ஒரு நோட்டில் நாலைந்து பக்கம் தாண்டாது. பாதி உங்களுக்கு இப்போதே தெரியும். டைட்டில் பிளாக்குக்கு (டிராயிங்கின் விவரக் கட்டம்) மேலே 'அன்லெஸ் அதர்வைஸ் ஸ்பெசிஃபைடு' (வேறுவிதமாகச் சொல்லாத வரை) என்று ஆரம்பிக்கும் ஒரு வரி இருக்குமே, அதை இதுவரை தாண்டித்தானே போயிருப்பீர்கள்? அங்கே ஐஎஸ்ஓ 2768-எம் என்று போட்டிருந்தால், டாலரன்ஸ் எழுதாத 25 மில்லி அளவுக்கு 0.2 கூடக் குறைய இருக்கலாம், 100 மில்லிக்கு 0.3 என்று அர்த்தம். இனித் தாண்டாதீர்கள். அதைப் படிக்காமல் தேவையில்லாத அளவுக்கு நேரம் செலவழித்து ஓட்டிய ஜாப் உங்கள் ஷாப்பிலும் இருக்கும்.

85,000 ரூபாய்

இதில் நான் அதிகம் யோசிக்க மாட்டேன், இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதத்தில் ஐந்து சாஃப்ட்வேர் என்றால் எதுவும் கைக்கு வராது. ஒன்றில் நன்றாகப் பழகினால் அடுத்தது சில வாரத்தில் பிடிபடும், ஏனென்றால் ஸ்கெட்ச் போடுவது, தடிமன் கொடுப்பது, அசெம்பிளி சேர்ப்பது எல்லாவற்றிலும் ஒரே போக்குதான்.

தவணை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பணம் பயிற்சி நிலையத்துக்கு மொத்தமாகப் போய்விடும். இரண்டாவது மாதம் வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் உங்கள் சிபில் கெடும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது தெரியும். நூறு சதவீத வேலை உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று. எழுத்தில் வந்தாலும், 'நேர்காணலுக்கு ஏற்பாடு செய்வோம்' என்றுதான் இருக்கும். நேர்காணல் வேலை ஆகாது.

என்றாவது எந்த நிலையத்தில் சேர்ந்தாலும், முதலில் ஒரு முழு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பாடம் எடுப்பவர் ஷாப்பிலோ டிசைன் ஆபீஸிலோ வேலை செய்தவரா என்று கேளுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் விதியை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் ரசீதும் விளம்பர நோட்டீஸும் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

பாண்டு, காசோலை, அசல் சான்றிதழ்

நீங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே எடை இல்லை. நான் வக்கீல் இல்லை, ஆனால் பயிற்சி கொடுக்கிறேன் என்று பாண்டு போட்ட கதைகளை முப்பது வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

பாண்டில் தொடங்குவோம். 'செல்லவே செல்லாது' என்ற நண்பரும் தவறு, 'ஜெயில்' என்ற மேனேஜரும் தவறு. கம்பெனி உண்மையிலேயே பணம் செலவழித்துப் பயிற்சி கொடுத்து, அதற்கு ஈடாகக் கொஞ்ச காலம் வேலை செய் என்று கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் 74-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாண்டில் இரண்டு லட்சம் என்று எழுதிவிட்டதாலேயே இரண்டு லட்சம் முழுதும் கிடைத்துவிடாது. நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் தரும், அந்த இரண்டு லட்சம் அதிகபட்ச வரம்பு. மூன்று மாத வாரக்கடைசி வகுப்புக்கு அவர் கட்டுவது சில பத்தாயிரம் என்றால், அதைச் சுற்றித்தான் பேச்சு இருக்கும். இது சிவில் விவகாரம், போலீஸும் ஜெயிலும் இதில் வராது. விலகிய பிறகு வேறு கம்பெனியில் இதே தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி நுழைத்திருந்தால், அது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது.

ஜெயில் பயம் உண்மையில் ஒட்டிக்கொண்டிருப்பது காசோலையில். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவர் எழுதுவதுதான் தொகை. வங்கியில் பணமில்லாமல் திரும்பி, அவர்கள் அனுப்பும் நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாவிட்டால், 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். இரண்டு வருடம் வரை சிறை, காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். நான் தொகை எழுதவில்லை, வெற்றுக் காசோலைதான் கொடுத்தேன் என்பது அங்கே சுலபமான தப்பிக்கும் வழி இல்லை; கையெழுத்து உங்களுடையது என்றால், கடன் இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் தலையில் வந்து உட்காரும். பாண்டில் பேரம் பேசலாம், காசோலையில் பேரமே வேண்டாம். கொடுக்காதீர்கள்.

அசல் சான்றிதழும் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமானால் அவர் முன்னால் காட்டி, கையெழுத்திட்ட நகலைக் கொடுங்கள். "நம்பிக்கைக்குத்தான்" என்பார். நம்பிக்கைக்கு நகல் போதும். வேறு வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும் அன்று அசல் அடுத்தவர் பீரோவில் இருந்தால், பாண்டு இல்லாமலேயே கட்டிப்போட்டது போல்தான்.

உங்கள் முதலாளி கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. சிறிய ஷாப்காரர். இரண்டு பேருக்குப் புரோகிராம் போடக் கற்றுக்கொடுத்து, இருவரும் ஆறே மாதத்தில் பக்கத்துக் கம்பெனிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலுக்குப் போய்விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சூடு கண்டவர், அதனால்தான் மூன்று கயிறு போடுகிறார். அவர் பயத்தையும் மதித்து இப்படிக் கேட்டுப் பாருங்கள்: மூன்று வருடத்துக்குப் பதில் ஒன்றரை வருடம். இரண்டு லட்சத்துக்குப் பதில் அவர் கட்டிய கட்டணம், அதுவும் ரசீதுப்படி. வேலை செய்யும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். அவராக வேலையை விட்டு நிறுத்தினால் நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. பயிற்சி முடிந்ததும் என்ன பொறுப்பு, என்ன சம்பளம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். படித்து முடித்தபின் அதே விஎம்சியில் அதே 26,000-க்கு மூன்று வருடம் நின்றால் யாருக்கு லாபம்?

தாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். காசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை தருகிறது. கோவை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சட்ட உதவிக்கான தேசிய போன் எண் 15100.

பென்டிரைவை என்ன செய்வது

அழித்துவிடுங்கள். தெரிந்தே திருட்டு சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவது 1957-ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். வீட்டில் பழகுவதற்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று நினைப்பீர்கள். சரி, ஆனால் அந்த லேப்டாப்பை ஒருநாள் ஷாப்புக்குக் கொண்டுபோய் முதலாளிக்கு ஒரு ஃபிக்ஸ்சர் வரைந்து காட்டத் தோன்றும். அப்போது அது வியாபாரத்துக்கான பயன்பாடாகிவிடும், சிக்கலில் முதலாளியையும் இழுத்துவிடுவீர்கள். அவசியமும் இல்லை. ஃப்ரீகேட் என்ற டிசைன் சாஃப்ட்வேர் முழுக்க இலவசம், வேலைக்கும் பயன்படுத்தலாம். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த பிறகு முன்னைவிடத் தொல்லை குறைந்திருக்கிறது. ஃப்யூஷன் என்ற இன்னொரு சாஃப்ட்வேருக்கும் வீட்டு உபயோகத்துக்கு இலவச உரிமம் உண்டு, சம்பாதிக்கும் வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அதைவிடப் பெரிய தப்பு, கம்பெனி டிராயிங்கை வீட்டுக்குக் கொண்டுபோவது. அந்த டிராயிங் உங்கள் முதலாளிக்கே சொந்தமில்லை, ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளருடையது. "நான் வரைந்தது" என்று நாளைக்கு ஒரு நேர்காணலில் அதை எடுத்துக் காட்டினால், எதிரே இருப்பவர் பாராட்ட மாட்டார். 'இவன் நம்ம டிராயிங்கையும் இப்படித்தானே வெளியே காட்டுவான்' என்றுதான் நினைப்பார். இன்றோடு நிறுத்துங்கள்.

எதில் தொடங்குவது

உங்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும், முதல் ஷிஃப்ட் வாரத்தில் மாலை இரண்டு மணி நேரமும்தான். அதற்குள் அடங்கும்படி சொல்கிறேன்.

முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு கோடு போடாத நோட்டு, ஹெச்பி பென்சில், உங்கள் வெர்னியர். பழைய இரும்புக் கடையில் ஒரு சிறிய மெஷின் வைஸ் (ஜாப்பைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) வாங்குங்கள். முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, முன்பக்கத் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் என்று கையாலேயே வரையுங்கள். ஸ்குரூ நட்டில் எவ்வளவு ஆடுகிறது, தாடை நகரும் பள்ளத்தில் எவ்வளவு இடைவெளி, ஏன் அவ்வளவு என்று ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வைஸில் ஃபிட், திரெட், மெட்டீரியல், அசெம்பிளி எல்லாம் இருக்கிறது. இது வாடிக்கையாளர் டிராயிங் இல்லை, உங்களுடையது. யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

வரையும்போதே முதல் கோண முறை, மூன்றாம் கோண முறை வித்தியாசத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நம் ஊர் டிராயிங்கில் மேல் தோற்றம் கீழே இருக்கும், அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்பும் டிராயிங்கில் மேலேயே இருக்கும். டைட்டில் பிளாக் பக்கத்தில் வெட்டிய கூம்பு போல ஒரு சின்னப் படம் இருக்கிறதே, அதைச் சொல்லத்தான். அதைக் கவனிக்காமல் ஒரு லாட் முழுவதையும் இடது வலது மாற்றி ஓட்டி, கண்ணாடியில் பார்த்தது போல டெலிவரி கொடுத்த ஷாப் எனக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு மாதம் ஃபிட் (துளையும் ஷாஃப்டும் எவ்வளவு இறுக்கமாகச் சேரும் என்பது), டாலரன்ஸ், அப்புறம் ஜி.டி. அண்டு டி. (வடிவத்துக்கும் இடத்துக்கும் டாலரன்ஸ் குறிக்கும் முறை). இதற்கு மட்டும் வகுப்புக்குப் போவது நல்லது, புத்தகத்தில் தனியாகப் படித்தால் மண்டை காயும். நீங்கள் ஏன் கற்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு துளை எக்ஸில் 0.1, ஒய்யில் 0.1 கூடக் குறைய இருக்கலாம் என்றால், மையம் ஒரு சதுரத்துக்குள் இருக்க வேண்டும். அந்தச் சதுரத்தின் மூலை வரை போனால் 0.14 தள்ளி இருக்கும், அதையும் ஓகே செய்கிறோம். ஆனால் நேராக 0.12 தள்ளியதை ரிஜெக்ட் செய்கிறோம். அதிகம் தள்ளியது பாஸ், குறைவாகத் தள்ளியது ஃபெயில்! சதுரத்துக்குப் பதில் 0.28 விட்டமுள்ள வட்டமாகக் கொடுத்தால் இந்தக் கூத்து தீரும், ஷாப்புக்குப் பாதிக்கு மேல் கூடுதல் இடமும் கிடைக்கும். தரம் பார்க்கும் கியூசி-யோடு நீங்கள் போட்ட சண்டைகளில் சில இதனால்தான் வந்திருக்கும்.

அதன் பிறகு ஒரே ஒரு சாஃப்ட்வேர். முதலில் அந்த வைஸையே வரையுங்கள். முடிந்தால் முதலாளி பணம் கட்டும் வகுப்பை இந்த நேரத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அஸ்திவாரத்தோடு போய் உட்கார்ந்தால் அதே மூன்று மாதத்தில் இரண்டு பங்கு வாங்கிக்கொண்டு வரலாம். வகுப்பு எது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவர் உங்களிடம் விட்டால், ஜிக், ஃபிக்ஸ்சர் டிசைன் சொல்லித்தரும் இடமாகப் பாருங்கள். பொதுவான 'புராடக்ட் டிசைன்' உங்கள் ஷாப்புக்கும் உதவாது, உங்களுக்கும் இப்போது உதவாது. டூல் டிசைனுக்கென்றே ஹைதராபாத்தில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 1968 முதல் நடக்கிறது, சென்னை கிண்டியில் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இவற்றின் குறுகிய காலப் பயிற்சிப் பட்டியலை முதலாளியையே விசாரிக்கச் சொல்லுங்கள், கம்பெனி லெட்டர்ஹெட்டில் கேட்டால் மரியாதை தனி.

நீண்ட காலத்துக்கு டிப்ளமோவை யோசியுங்கள். பத்தாம் வகுப்போடு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலையில் இருப்பவர்களுக்கான மாலை நேர வகுப்பு எந்தப் பாலிடெக்னிக்கில் இந்த வருடம் நடக்கிறது என்று அவினாசி ரோடு பக்கம் ஒரு நாள் நேரில் அலைந்து கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் டிசைன் வேலைக்கு முதல் சல்லடையே அந்தத் தாள்தான். 85,000 ரூபாய் 'மாஸ்டர் டிப்ளமோ' என்ற பெயரில் அந்தச் சொல் இருக்கிறதே தவிர, அந்தச் சல்லடையில் அது நிற்காது.

ஏசி ரூம்

கோவையில் புதிதாகச் சேரும் டிராஃப்ட்ஸ்மேனுக்குக் கொடுப்பது, நான் பார்த்த வரையில், உங்கள் 26,000-ஐவிடக் குறைவு. ஓவர்டைமும் இருக்காது. 22 வயதுப் பையனோடு அதே நாற்காலிக்குப் போட்டி போடுவீர்கள், அவனுக்கு வீட்டு வாடகை இல்லை. அதனால் மெஷினை உதறிவிட்டு டிசைனுக்குத் தாவாதீர்கள். உங்கள் விலை இரண்டும் தெரிந்தவர் என்பதில்தான் இருக்கிறது. ஃபிக்ஸ்சர் டிசைன், புதிய ஜாப்புக்கு முறை வகுப்பது, கொட்டேஷனுக்கு மெஷின் நேரம் கணக்கிடுவது: இந்த மூன்றுக்கும் சிறிய ஷாப்களில் ஆளே இல்லை. பெரும்பாலும் முதலாளியே ராத்திரி உட்கார்ந்து செய்கிறார். அந்த நாற்காலியைக் குறிவையுங்கள். அது முழு நேரம் உட்கார்ந்த வேலை இல்லை, ஆனால் முழு நேரம் நிற்கும் வேலையும் இல்லை.

கால் நரம்புக்கு டிசைன் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். மெஷின் முன்னால் போட ஒரு ரப்பர் மேட் கேளுங்கள்.

அப்புறம், முதலாளியிடம் பாண்டு பற்றிப் பேசப் போகும் நாளில் வெறும் கையோடு போகாதீர்கள். அந்தத் தேய்த்த பின்னை ஓர் ஏ4 தாளில் வரையுங்கள். விட்டம், டாலரன்ஸ், பக்கங்களை எவ்வளவு தேய்க்க வேண்டும், என்ன மெட்டீரியல், எந்தத் திசையில் மாட்ட வேண்டும். ஃபிக்ஸ்சர் அவருடையது, அதனால் தாள் ஷாப்பிலேயே இருக்கட்டும். கீழே டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்' கட்டத்தில் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டு, 'சரிபார்த்தவர்' கட்டத்தைக் காலியாக விட்டு அவர் மேஜையில் வையுங்கள். அவர் பேனா எடுத்த பிறகு சம்பளப் பேச்சை ஆரம்பியுங்கள்.